குழந்தையின் இரத்தத்தில் கலக்கும் நீர்

குழந்தைக்குச் சஸ்திர சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டால், பெற்றவர்கள் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே சுற்றி வரும்: மயக்க மருந்தால் ஆபத்து நேருமா, தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும். கத்தியையும் மயக்கத்தையும் கண்டு இவ்வளவு அஞ்சுகிற நாம், புறங்கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டிய பிறகு, கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடப்படும் பாட்டிலில் இருப்பது என்ன, அது எவ்வளவு, எந்த வேகத்தில் அந்தச் சின்னஞ்சிறு உடலுக்குள் இறங்கப் போகிறது என்று கேட்பதில்லை. அது வெறும் 'குளுக்கோஸ்', ஏற்றினால் தெம்பு வரும், கெடுதி செய்ய அதில் என்ன இருக்கிறது என்னும் எண்ணம் நம் ஜனங்களிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஜனங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வைத்திய உலகமும் அந்தப் பாட்டிலை மருந்தாக எண்ணாமல், மருந்துகளுக்கு வழிவிடும் சாதாரண நீராகவே எண்ணியிருந்தது. அவ்வாறு எண்ணியதன் விளைவாக, நோய் தீர்ந்து வீடு திரும்பியிருக்க வேண்டிய குழந்தைகள் சிலர் திரும்பாமலே போனார்கள்.

மனித சரீரத்தின் எடையில் பெரும்பகுதி நீர் என்பது எல்லாரும் அறிந்ததே. வளர்ந்த ஆணுக்கு அது நூற்றுக்கு 60 பங்கு என்றால், பிறந்த சிசுவுக்கு 75 பங்கு. இந்த நீர் வெறும் ஜலமன்று; உப்பு கரைந்த ஜலம். இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்க வேண்டும் என்பது இயற்கை வகுத்த பிரமாணம். மாவடு போடுகிறவர்கள் இதன் தத்துவத்தைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள்: உப்பைத் தூவி மூடி வைத்தால் மறுநாள் வடுவிலிருந்து நீர் கசிந்து, காய் சுருங்கிவிடும்; நீர் எப்போதும் உப்பு மிகுந்த பக்கத்தை நாடிச் செல்லும். இதற்கு மாறாக, வெளியே உப்பு குறைந்து உள்ளே மிகுந்திருந்தால் நீர் உள்ளே பாய்ந்து, உயிரணு வீங்கும். உடம்பின் மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினால் தாங்கிக்கொள்ளும். கபாலத்துக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை. பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் கபாலத்தில் உபரி இடம் இன்னும் குறைவு. ஆகையால் ஒரே அளவு உப்புக் குறைவு பெரியவருக்குத் தலைவலியோடு போகையில், குழந்தைக்கு வலிப்பாகவும் மூச்சுத் தடையாகவும் முடியக் கூடும்.

இரத்த நாளத்தின் வழியே திரவம் செலுத்தும் வழக்கம் காலராவோடு பிறந்தது. 1832-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர், வற்றி ஒடுங்கிய காலரா நோயாளிகளின் நாளங்களில் உப்பு நீரைச் செலுத்தி, உயிர் திரும்புவதைக் கண்டு எழுதிவைத்தார். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்க வைக்கும் பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்தபோது, காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரில் கரைசல் தயாரிக்கப்பட்ட நாட்களில் மட்டும் இதயம் நெடுநேரம் துடிப்பதைக் கவனித்தார். அந்த நீரிலிருந்த கால்சியமே காரணம் என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. 1930-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன், பேதியால் இரத்தம் புளித்துப்போன குழந்தைகளுக்காக ரிங்கரின் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார்; அது கல்லீரலில் மாற்றமடைந்து இரத்தத்தின் அமிலத்தைத் தணிக்கும். இன்று உலகின் எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் தொங்குகிற ரிங்கர் லாக்டேட், ஆக, ஒரு குழந்தை வைத்தியர் குழந்தைகளுக்காக இயற்றிய திரவம். இரத்தத்தோடு ஏறத்தாழ ஒத்த உப்புடைய நல்ல திரவம் அப்போதே கைவசம் இருந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்ல வேண்டும்.

1957-இல் இண்டியானா பல்கலைக்கழக வைத்தியசாலையைச் சேர்ந்த மால்கம் ஹாலிடே, வில்லியம் சேகர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாயால் உண்ணவும் குடிக்கவும் இயலாத குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் தேவை என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. உடம்பு செலவிடும் ஒவ்வொரு 100 கலோரிக்கும் 100 மில்லிலிட்டர் நீர் வேண்டும் என்று கணக்கிட்டு, அதை எடையோடு பொருத்தி, யாரும் மனப்பாடம் செய்யத்தக்க ஒரு சூத்திரத்தை அவர்கள் வகுத்தார்கள்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. மயக்க மருந்து வைத்தியர்கள் இதையே மணிக் கணக்காக்கி நாலு, இரண்டு, ஒன்று என்று சொல்வார்கள். 10 கிலோ குழந்தைக்கு மணிக்கு 40 மில்லி. சூத்திரத்தின் எளிமையும் அழகும் அதனை உலகமெங்கும் பரப்பின. நம் நாட்டுப் பாடசாலைகளிலும் வைத்திய மாணவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் கற்கிறார்கள்.

நீரின் அளவைச் சொன்ன பிறகு உப்பின் அளவையும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் பார்த்தது பாலை. தாய்ப்பாலும் பசும்பாலும் அருந்தும் குழந்தைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சோடியம் கிடைக்கிறதோ அதையே அளவாகக் கொண்டு, 100 மில்லி நீருக்கு 3 மில்லிமோல், அதாவது லிட்டருக்கு 30 என்று நிர்ணயித்தார்கள். இரத்தத்திலோ 140. ஆரோக்கியமாக ஓடியாடும் குழந்தைக்கு இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மிகுதியான நீரை அதன் சிறுநீரகம் தாராளமாக வெளியேற்றிவிடும். ஆனால் இந்தக் கணக்கு பயன்படப் போவது நோயுற்ற குழந்தைக்கு; அதன் சிறுநீரகம் வேறொரு கட்டளைக்குக் கீழ்ப்பட்டு நடக்கும் என்பது அன்று போதிய அளவு உணரப்படவில்லை.

அந்தக் கட்டளையைப் பிறப்பிப்பது மூளையின் அடியிலிருந்து சுரக்கும் வாஸோப்ரெஸின் என்னும் ஹார்மோன். நீரை வெளியே விடாதே, சேமித்து வை என்று அது சிறுநீரகத்துக்குச் சொல்லும். தாகத்தால் வாடும் உடம்புக்கு இது பெரும் காப்பு. ஆனால் வலி, பயம், குமட்டல், வாந்தி, காய்ச்சல், இரத்தப் பெருக்கு, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், கத்தி பட்ட சரீரத்தின் அதிர்ச்சி ஆகிய ஒவ்வொன்றும், உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைச் சுரக்கச் செய்யும். சஸ்திர சிகிச்சைக்கு உள்ளாகும் குழந்தையிடம் இவற்றில் பாதியாவது ஒருங்கே கூடியிருக்கும். அந்த நேரத்தில் மேலிருந்து நீர்த்த திரவம் சொட்டிக்கொண்டே இருக்க, கீழே வெளியேறும் வாயில் அடைபட்டிருந்தால் நேர்வது என்ன? கணக்காகவே பார்க்கலாம். 10 கிலோ குழந்தையின் உடம்பில் சுமார் ஆறரை லிட்டர் நீர் உண்டு. லிட்டருக்கு 30 மில்லிமோல் சோடியம் உள்ள திரவம் ஒரு லிட்டர் உள்ளே போய், துளியும் வெளியேறாமல் தங்கிவிட்டதாகக் கொண்டால், 140-ஆக இருந்த இரத்தச் சோடியம் 125-க்கு இறங்கிவிடும். மூச்சிலும் வியர்வையிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு இறங்காமல் இருக்கலாம். வாந்தியில் உப்பும் சேர்ந்து வெளியேறினால் அதைவிட இறங்கவும் செய்யலாம். ஒரு லிட்டர் என்பதோ மிகையான அளவன்று. சூத்திரப்படி அந்தக் குழந்தைக்கு உரிய ஒரு நாள் அளவு அதுதான்.

ஐந்து சதவிகித டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் உள்ள பாட்டிலின் கதை இதனினும் விபரீதம். பாட்டிலில் இருக்கும்வரை அதன் அடர்த்தி இரத்தத்துக்குச் சமமாகவே இருக்கிறது. உள்ளே போனதும் சர்க்கரையை உடம்பு எரித்துவிட, எஞ்சுவது உப்பே இல்லாத சுத்த ஜலம். 'குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு' என்று நம்புகிறவர்கள், ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரைதான், அது ஏறத்தாழ 200 கலோரி, அதனோடு சேர்ந்து வருவது ஒரு லிட்டர் வெறும் நீர் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1992-இல் ஆரிஃப் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், சிறு நோய்க்காகவோ சாதாரண சஸ்திர சிகிச்சைக்காகவோ வந்து, சோடியம் தாழ்ந்து, மரணத்துக்கோ நிரந்தர மூளைச் சேதத்துக்கோ உள்ளான 16 குழந்தைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார்கள். எச்சரிக்கை அச்சில் ஏறிவிட்டது. ஆயினும் அச்சில் ஏறியது வார்டுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. அந்த இடைவெளியில் நடந்தவற்றுள் மிக விரிவாக விசாரிக்கப்பட்டவை வட அயர்லாந்தின் மரணங்கள். 1995 நவம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சையின்போது நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நீர்த்த திரவம் மிகுதியாக ஏற்றப்பட்டு, மூளை வீங்கி அவன் இறந்தான். மறு ஆண்டே மரண விசாரணையில் காரணம் தெளிவாகச் சொல்லப்பட்டது; அந்தத் தெளிவு ராஜ்யத்தின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேரவில்லை. 2001 ஜூனில் டெரி நகரில் ஒன்பது வயதுச் சிறுமிக்குக் குடல்வால் அகற்றினார்கள். சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. மறுநாள் அவள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாள், தலைவலி என்றாள். டிரிப்ஸ் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது அந்நாட்டார் 'பதினெட்டாம் எண் திரவம்' என்று வழங்கிய 0.18 சதவிகித உப்பும் 4 சதவிகிதச் சர்க்கரையும் கலந்த நீர். சாதாரண சலைனில் உள்ள உப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கடுத்த விடியற்காலையில் வலிப்பு கண்டது. அப்போதுதான் இரத்தத்தில் சோடியம் பார்க்கப்பட்டது. அவள் பிழைக்கவில்லை.

குடல்வால் சிகிச்சைக்குப் போன பெண் உயிரோடு வரவில்லை என்றால், எந்தப் பெற்றோர்தான் அமைதியாக இருப்பார்கள்? பெற்றோர்களின் விடாத கேள்விகளும் தொலைக்காட்சி நிருபர்களின் ஆராய்ச்சியும் சேர்ந்து, 2004-இல் அரசாங்கத்தைப் பொது விசாரணைக்கு உத்தரவிடச் செய்தன. நீதிபதி ஜான் ஒஹாரா தலைமையில் ஐந்து குழந்தைகளின் சிகிச்சையைப் பரிசீலித்த அந்த விசாரணை பல தடைகளைக் கடந்து 2018 ஜனவரியில்தான் அறிக்கை தந்தது. 96 சிபாரிசுகள் அதில் இருந்தன. திரவத்தைப் பற்றிய பிழையோடு, பிழை நேர்ந்த பின் பெற்றோர்களிடம் உண்மையைத் திறந்து சொல்லாததையும் நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்வதைச் சட்டப்படியான கடமையாக்க வேண்டும் என்றார். வைத்தியர்கள் கொடியவர்கள் என்பதன்று இதன் பொருள். பாடப்புத்தகத்தில் இருந்த சூத்திரத்தை நம்பினார்கள். பாட்டிலை மருந்தாக நினைக்கவில்லை. அந்த வாந்தியையும் சோர்வையும் மயக்க மருந்தின் மிச்சம் என்று எண்ணினார்கள். மயக்கம் தெளிந்து ஒரு நாள் ஆன பிறகும் அவ்வாறு எண்ணியதுதான் மன்னிக்க முடியாதது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே மாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. 2003-இல் மோரிட்ஸ், அயூஸ் என்னும் இரு வைத்தியர்கள், ஆஸ்பத்திரியில் உள்ள குழந்தைகளுக்கு இரத்தத்துக்குச் சமமான உப்புள்ள திரவத்தையே பராமரிப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 2007 மார்ச்சில் பிரிட்டன், அந்தப் பதினெட்டாம் எண் திரவத்தைக் குழந்தைகளின் பொதுவான உபயோகத்திலிருந்து விலக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவிட்டது. இந்த வாதத்துக்கு உறுதியான சான்றுகளில் ஒன்று மெல்போர்ன் நகரிலிருந்து 2015-இல் வந்தது: லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் உள்ள திரவம் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்கும், 77 மட்டுமே உள்ளதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும் சோடியம் தாழ்ந்தது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் அகாடமி, 28 நாள் முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சம உப்புத் திரவமே பராமரிப்புத் திரவம் என்று விதித்தது. பச்சிளம் சிசுக்கள், மூளை அறுவைக்கு உள்ளானவர்கள், இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோயுள்ளவர்கள், தீக்காயம் பட்டவர்கள் ஆகியோருக்கு இந்தப் பொதுவிதி பொருந்தாது. அவர்களுக்குத் தனித்தனியே கணிக்க வேண்டும். நம் நாட்டிலோ, லிட்டருக்குச் சுமார் 25 மில்லிமோல் மட்டுமே சோடியமும் அதனோடு 5 சதவிகித டெக்ஸ்ட்ரோஸும் சேர்ந்த ஒரு திரவம், குழந்தைகளுக்கென்றே முத்திரை குத்தப்பட்டு நெடுங்காலம் வார்டுகளில் பழகி வந்தது. அந்த முத்திரையைப் பார்த்து எத்தனை கைகள் சந்தேகமின்றி அதை எடுத்து மாட்டியிருக்கும்!

அப்படியானால் சாதாரண சலைனே போதுமா? அதிலும் ஒரு குறை உண்டு. அதில் சோடியம் 154, குளோரைடும் 154; இரத்தத்தில் குளோரைடு நூற்றுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். மிகுதியாக ஏற்றினால் உபரிக் குளோரைடு இரத்தத்தைப் புளிக்கச் செய்யும். ஆகவே ரிங்கர் லாக்டேட் போன்ற சமன் செய்த திரவங்களையே அறுவையின்போது பெரும்பாலோர் விரும்புகிறார்கள். ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் சுமார் 130 என்பதால் அது இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்தது. சில மணி நேரச் சிகிச்சைக்கு அது ஒரு பொருட்டில்லை. தலையில் அடிபட்ட குழந்தைக்கு மட்டும் அதைத் தவிர்த்துச் சலைனை எடுப்பார்கள்.

சர்க்கரையைப் பற்றிய கருத்தும் தலைகீழாக மாறியிருக்கிறது. பட்டினி கிடந்த குழந்தைக்கு மயக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாதே என்ற நியாயமான பயத்தால், முன்பு எல்லாருக்கும் 5 சதவிகித டெக்ஸ்ட்ரோஸ் கலந்தே கொடுத்தார்கள். சரீரம் அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது தானாகவே இரத்தச் சர்க்கரையை உயர்த்திக்கொள்கிறது என்பதும், மேற்கொண்டு 5 சதவிகிதமும் சேர்ந்தால் அளவு மீறிச் சிறுநீரில் வழிகிறது என்பதும் பிறகு தெரிந்தன. முற்றிலும் விட்டுவிட்டால் சிசுக்கள் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவழியாக, 1 முதல் 2.5 சதவிகிதம் வரை சர்க்கரை உள்ள சமன் செய்த திரவத்தை 2011-இல் ஐரோப்பிய மயக்க மருந்து நிபுணர்கள் ஒருமித்துச் சிபாரிசு செய்தார்கள். அது தயாராகக் கிடைக்காத இடத்தில், 500 மில்லி ரிங்கர் லாக்டேட்டில் 25 சதவிகித டெக்ஸ்ட்ரோஸ் 20 மில்லியைச் சேர்த்து, நன்றாகக் கலக்கி, பாட்டில் மேல் எழுதி ஒட்டிவிட்டால் ஏறத்தாழ ஒரு சதவிகிதம் ஆகிவிடும். பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கும், குறைமாதக் குழந்தைக்கும், மெலிந்து வாடிய குழந்தைக்கும் சர்க்கரையைக் கட்டாயம் கொடுத்து, இடையிடையே சோதித்துப் பார்ப்பார்கள்.

இன்ன திரவம் என்று தீர்மானித்தாலும், அளவு தவறினால் பயனில்லை. குழந்தைகளுக்கு உபயோகிக்கும் மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆகவே மணிக்கு 40 மில்லி வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 40 சொட்டு என்று எளிதில் எண்ணிவிடலாம். பெரியவர்களின் செட்டில் 20 சொட்டுக்கே ஒரு மில்லி. அவசரத்தில் அதை மாட்டிவிட்டு அதே 40 சொட்டை எண்ணினால், குழந்தைக்குப் போவது மணிக்கு 120 மில்லி, மும்மடங்கு. இதனால்தான் பாட்டிலுக்கும் குழந்தைக்கும் நடுவே, கோடு போட்ட சிறு குழல் போன்ற பியூரெட் ஒன்றை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு உரியதை மட்டும் அதில் இறக்கிவிட்டு மேலே அடைத்துவிடுகிறார்கள். எவர் கண் அயர்ந்தாலும் அதற்கு மேல் போகாது. இன்ஃப்யூஷன் பம்ப் உள்ள இடங்களில் அது இந்தக் காவலைச் செய்யும். மூன்று கிலோ சிசுவின் மொத்த இரத்தம் கால் லிட்டர்தான். 25 மில்லி போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். ஆகவே இரத்தம் தோய்ந்த பஞ்சுத் துணிகளை எடை போட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு வைக்கும் தியேட்டர்கள் உண்டு. குழாயில் தங்கிய சின்னக் காற்றுக் குமிழியையும் சிசுக்களுக்கு விடமாட்டார்கள். அவர்களுடைய இதயத்தின் இரு பக்கங்களுக்கும் இடையிலான துவாரம் முழுதும் மூடாதிருப்பதால், குமிழி நேரே மூளைக்குப் போய்விடக் கூடும்.

டிரிப்ஸின் பாரத்தைக் குறைக்கப் பெற்றோர்களும் உதவலாம். நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்காதே என்ற பழைய கட்டளை இன்று ஏற்கப்படுவதில்லை. கெட்டியான ஆகாரத்துக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நாலு, தெளிந்த நீருக்கு இரண்டு என்பதே நெடுநாளாக விதி. பல நாடுகளில் தெளிந்த நீருக்கு ஒரு மணியே போதும் என்று குறைத்துவிட்டார்கள். பால் தெளிந்த நீரில் சேராது. இவற்றில் எதையும் பெற்றோர் தாமாகச் செய்துவிடலாகாது. முன்தினமே மயக்க மருந்து வைத்தியரிடம், 'கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் கொடுக்கலாம்?' என்று கேட்டு, அவர் சொன்ன நேரம் வரை கொடுக்க வேண்டும். முதல் சிகிச்சை நீண்டு, தம் குழந்தையின் முறை தள்ளிப்போனால், மறுபடியும் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு, வாஸோப்ரெஸின் இன்னும் ஓயவில்லை என்ற நினைவோடு, சூத்திரம் சொல்லும் அளவில் பாதியோ முக்காலோ மட்டும் கொடுப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. டிரிப்ஸ் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சோடியம் பார்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. குழந்தை வாயால் குடித்து, அது தங்கத் தொடங்கியதும் பாட்டிலைக் கழற்றிவிடுவதே சரி. பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று அதை ஓடவிடக் கூடாது. மாறாக, வாந்தி நிற்காமல், தலைவலி என்று அழுது, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் குழந்தை சோர்ந்து கிடந்தால், அது தூக்கமா மயக்க மருந்தா என்று ஆராய்ந்துகொண்டிராமல், 'டாக்டர், சோடியம் பார்த்தீர்களா?' என்று கேட்க வேண்டும். சில துளி இரத்தத்தில் சில நிமிஷங்களில் விடை தரும் கருவிகள் இன்று பல ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. விடை தாழ்வாக வந்து, குழந்தைக்கு வலிப்போ மயக்கமோ கண்டிருந்தால், 3 சதவிகித உப்புக் கரைசலைக் கிலோவுக்கு இரண்டு மில்லி வீதம் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் செலுத்தி, மீண்டும் சோடியத்தைப் பார்த்து, தேவையானால் திரும்பவும் செலுத்துவார்கள். மூளை நிரந்தரமாகச் சேதமடையும் முன் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் குழந்தை தெளிந்துவிடுகிறது.